கால் தளர்ந்தால் கோளாறு காலில்தானா?

(ராயகிரியில் நம் அறக்கட்டளை நடத்திய குடும்ப நல நிகழ்ச்சியில் நரம்பியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மஃரிப் பாங்குக்கு முன்னால் பேச்சை முடித்துவிட வேண்டும் என்று நிர்வாகிகள் சொல்லியிருக்கிறார்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

என் வாப்பா ஜவுளிக்கடை வைத்திருந்தவர். அறுபது வயதைத் தாண்டியதும் அவருடைய நடை மாறியது. "காலு கனமா இருக்குப்பா, தரையோட ஒட்டுது" என்பார். பார்த்தவர்கள் எல்லோரும், "வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். முட்டுக்கு எண்ணெய் தேய்த்தோம். வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். பிறகு ஒரு மருத்துவமனையில் இடுப்புக்கு ஸ்கேன் எடுத்தார்கள். எலும்புத் தேய்மானம் இருக்கிறது என்று சொல்லி இடுப்புக்கு பெல்ட் கொடுத்தார்கள். இப்படியே எட்டு மாதம் போனது.

அந்த எட்டு மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. வாப்பாவின் சட்டைப் பொத்தானை உம்மாதான் போட்டுவிட்டார்கள். தஸ்பீஹ் மணியை உருட்டும்போது விரல் தடுமாறியது. கையெழுத்து மாறிப்போய் வங்கியில் காசோலை திரும்பி வந்தது. இதையெல்லாம் நாங்கள் பார்த்தோம். நான் அப்போது மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். நானும்தான் பார்த்தேன். காலுக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் கையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கோளாறு கடைசியில் எங்கே இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். இன்றைக்கு நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு கேள்வி: அசதியா, பலவீனமா?

"ரொம்ப வீக்கா இருக்கு டாக்டர்" என்று வருபவர்களில் பலருக்குத் தசையில் பலம் குறைந்திருக்காது. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, தூக்கமின்மை, மனக்கவலை இவற்றால் வரும் அசதியாக இருக்கும். சிலர் வலியைப் பலவீனம் என்பார்கள். சிலர் மரத்துப்போவதைப் பலவீனம் என்பார்கள். அவற்றுக்கும் வைத்தியம் உண்டு. ஆனால் அந்த வழி வேறு.

இரண்டையும் பிரிக்க ஒரே கேள்வி போதும்: "போன மாதம் செய்த எந்த வேலையை இந்த மாதம் செய்ய முடியவில்லை?" அசதி உள்ளவர், "எல்லாமே முடியல" என்பார். பலவீனம் உள்ளவர் குறிப்பாகச் சொல்வார். "பரண்மேல் டப்பாவை வைக்க முடியல", "ரவா தோசையைப் பிய்க்க முடியல", "சுஜூதிலிருந்து எழும்ப ஆள் தேவைப்படுது" என்பார். அப்படிக் குறிப்பான வேலை ஒன்று கைவிட்டுப் போயிருந்தால் அதை அலட்சியம் செய்யக்கூடாது.

ஆய்க்குடியில் இரண்டு பேர்

தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கத்தை உங்களில் பலருக்குத் தெரியும். அதைத் தொடங்கியவர் எஸ்.ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-ல், கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் உடல்திறன் சோதனை செய்யும்போது விழுந்தார். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981-ல் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அவரோடு தோள் சேர்ந்து சங்கத்தை வளர்த்தவர் எஸ்.சங்கரராமன். பட்டயக் கணக்காளர். அவருக்குச் சிறுவயதிலிருந்தே தசைச்சிதைவு நோய்.

இருவரையும் சக்கர நாற்காலியில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கை கால் செயல்படவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் முதலாமவருக்குத் தசையில் நோய் இல்லை. தசைக்கு உத்தரவு போகும் பாதை கழுத்தில் அறுந்தது. இரண்டாமவருக்கு உத்தரவு சரியாகவே போகிறது. அதை வாங்கி வேலை செய்ய வேண்டிய தசையில்தான் நோய். பலவீனம் என்பது ஒரே நோய் அல்ல என்பதற்கு நம் மாவட்டத்திலேயே இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

லைன்மேன் கேட்கும் கேள்வி

வீட்டில் விளக்கு எரியவில்லை என்று மின்வாரியத்துக்குச் சொன்னால் லைன்மேன் என்ன கேட்பார்? "உங்க வீட்ல மட்டுமா, தெரு முழுக்கவா?" என்பார். தெரு முழுக்க இருட்டென்றால் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்ப்பார். ஒரு வீடு மட்டும் என்றால் கம்பத்திலிருந்து வரும் வயரைப் பார்ப்பார். ஓர் அறை மட்டும் என்றால், "ஹோல்டரைப் பாருங்க, பல்பை மாத்திப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எது எது எரியவில்லை என்பதை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கிறார்.

நரம்பு மருத்துவமும் அப்படித்தான். கையை உயர்த்த வேண்டும் என்று நீங்கள் நினைத்ததும் மூளையின் மேற்பரப்பில் ஓர் உத்தரவு பிறக்கிறது. அது தண்டுவடத்துக்குள் இறங்குகிறது. அங்கே இருக்கும் நரம்பணு ஒன்று அதை வாங்கி, தன் நீண்ட நரம்பு வழியாகக் கைக்கு அனுப்புகிறது. நரம்பு முடிந்து தசை தொடங்கும் இடத்தில் மிக நுண்ணிய ஓர் இடைவெளி இருக்கிறது. ஒரு ரசாயனம் அதைத் தாண்டிப் போய்த் தசையைத் தட்டுகிறது. தசை சுருங்குகிறது. மூளை, தண்டுவடம், தண்டுவடத்து நரம்பணு, நரம்பு, நரம்பு தசையைத் தொடும் சந்தி, தசை என்று ஆறு இடங்கள். எந்த இடத்தில் கோளாறு வந்தாலும் வெளியே தெரிவது பலவீனம்தான். ஆனால் ஒவ்வோர் இடத்துக்கும் தனி அடையாளம் உண்டு.

முதல் பெரிய பிரிவினையை நாங்கள் ஒரு ரப்பர் சுத்தியலை வைத்தே செய்துவிடுவோம். முட்டிக்குக் கீழே தட்டினால் கால் உதைப்பது போல ஆடும். இதை 1875-ல் ஜெர்மானிய மருத்துவர்கள் இருவர் எழுதி வைத்தார்கள். நரம்பிலோ தண்டுவடத்து நரம்பணுவிலோ கோளாறு என்றால் அந்த உதைப்பு குறையும் அல்லது நின்றுவிடும். தசை தொளதொளவென்று இருக்கும், நாளடைவில் மெலியும். கோளாறு அதற்கும் மேலே, மூளையிலோ தண்டுவடத்தில் இறங்கும் பாதையிலோ என்றால் உதைப்பு அளவுக்கு மீறி வரும். கால் விறைப்பாக இருக்கும். திடீரென்று வந்த முதல் சில நாட்களில் மட்டும் இது மாறித் தெரியலாம்.

உள்ளங்காலைச் சாவியால் கீறிப் பார்ப்பதும் இதற்காகத்தான். பெரியவர்களுக்குக் கட்டைவிரல் கீழ்நோக்கி மடங்க வேண்டும். மேல்நோக்கி எழும்பினால் மேல்பாதையில் கோளாறு. பாரிஸில் பாபின்ஸ்கி என்ற மருத்துவர் 1896-ல் இதைச் சொன்னார். ஸ்கேன் வந்த பிறகும் இந்தச் சோதனையை நாங்கள் விடவில்லை. எங்கே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பதைச் சொல்வதே இதுதான். கைக்குழந்தைகளுக்கு விரல் மேலே எழும்புவது இயல்பு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மூளை

மூளையின் இடப்பக்கம் உடலின் வலப்பக்கத்தை ஆள்கிறது. அதனால் மூளையில் அடைப்போ ரத்தக்கசிவோ வந்தால் பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கையும் காலும் முகமும் சேர்ந்து போகும். பேச்சு குழறும். இதுதான் பக்கவாதம். திடீரென்று வரும்.

அடைப்பைக் கரைக்கும் ஊசியைத் தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு மூளை மிஞ்சும். தூங்கி எழும்போதே வாய் கோணியிருந்தால், கடைசியாக அவர் நன்றாக இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

இங்கே ஒன்றை மனம் விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் ஒருவர் சாய்ந்துவிட்டால் ஓதி ஊதிய தண்ணீரையோ ஜம்ஜம் தண்ணீரையோ வாயில் ஊற்றுகிறோம். அன்பினால் செய்வதுதான். ஆனால் பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கும். தண்ணீர் நுரையீரலுக்குள் போகும். துஆவை வாயால் கேளுங்கள், அவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். புறா ரத்தம் தேய்க்க ஆள் தேடிப் போகிற நேரத்தில் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வாய் கோணுவதெல்லாம் பக்கவாதம் அல்ல. ஒளு செய்து வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகும். அந்தப் பக்கத்துக் கண் மூடாது. நெற்றியையும் சுருக்க முடியாது. கை கால் நன்றாக இருக்கும். இது முகத்துக்கு வரும் நரம்பில் மட்டும் உள்ள கோளாறாக இருக்கலாம். மூளையில் கோளாறு என்றால் பெரும்பாலும் நெற்றி சுருங்கும். நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் உத்தரவு வருகிறது, அதனால் ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் காப்பாற்றிவிடும். ஆனால் வீட்டில் நீங்களே இதை முடிவு செய்ய வேண்டாம். திடீரென்று வாய் கோணினால் உடனே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். பிரித்துப் பார்ப்பது எங்கள் வேலை.

தண்டுவடம்

இரண்டு காலும் சேர்ந்து தளர்ந்தால், அதோடு வயிற்றிலோ நெஞ்சிலோ ஒரு கோடு போட்டதுபோல அதற்குக் கீழே உணர்ச்சி குறைந்தால், சிறுநீர் கட்டிக்கொண்டாலோ அடக்க முடியாமல் போனாலோ, தண்டுவடத்தைச் சந்தேகிக்க வேண்டும். இது அவசரம். சில மணி நேரத் தாமதத்தில் கால் நிரந்தரமாகப் போன கதைகள் உண்டு. நம் நாட்டில் முதுகெலும்பில் வரும் காசநோயும் இப்படிச் செய்யும். அது மருந்தால் குணமாகக்கூடியது.

தென்னையிலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்தவரை இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பார்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த மடக்கலிலேயே தண்டுவடம் நசுங்கிவிடும். கழுத்து அசையாமல் பலகையில் கிடத்தித்தான் எடுக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் வைத்திருப்பதும் முதலுதவிதான்.

இப்போது என் வாப்பாவின் கதைக்கு வருகிறேன். எட்டு மாதம் கழித்து என் பேராசிரியரிடம் அழைத்துப் போனேன். அவர் காலைப் பார்க்குமுன், "கையில எந்த வேலை செய்ய முடியல?" என்று கேட்டார். வாப்பா, "பொத்தான் போட முடியல" என்றார். சுத்தியலால் தட்டியதும் கால் துள்ளியது. உள்ளங்காலைக் கீறியதும் கட்டைவிரல் மேலே எழும்பியது. பேராசிரியர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தண்டுவடம் இடுப்பு வரைக்கும் இறங்கி வர்றதில்லை தம்பி, முதுகிலேயே முடிஞ்சிருது. கையும் காலும் சேர்ந்து கெட்டா எங்கே பார்க்கணும்?" நான் தலை குனிந்தேன். கழுத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தெலும்புத் தேய்மானம் தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டிருந்தது. எட்டு மாதமாக நாங்கள் இடுப்புக்கு பெல்ட் கட்டிக்கொண்டிருந்தோம்.

தண்டுவடத்து நரம்பணு

இந்த நரம்பணுவைத்தான் போலியோ அழிக்கும். நம் நாட்டில் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் மாதம் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. இப்போதும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று கால் தொளதொளவென்று ஆனால் சுகாதாரத் துறையிலிருந்து வந்து இரண்டு முறை மலம் எடுத்துப் போவார்கள். போலியோ மறுபடி நுழைந்துவிட்டதா என்று பார்ப்பதற்காகத்தான். தயங்காமல் கொடுங்கள்.

இதே நரம்பணுக்கள் காரணம் தெரியாமல் மெல்ல மெல்ல அழியும் நோயும் உண்டு. விஞ்ஞானி ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு 1963-ல், 21 வயதில் கண்டறியப்பட்டது இந்த வகைதான். நம் ஊருக்கென்றே இதில் ஒரு தனி வகை இருக்கிறது. சென்னையில் டாக்டர் மீனாட்சிசுந்தரமும் டாக்டர் ஜெகந்நாதனும் டாக்டர் பி.ராமமூர்த்தியும் 1970-ல் அதைப் பற்றி எழுதினார்கள். இளவயதில் வரும். கை கால் மெலியும், முகமும் நாக்கும் தளரும், பலருக்குக் காதும் மந்தமாகும். ஆனால் மற்ற வகையைப்போல வேகமாகக் கொண்டுபோகாது. பல ஆண்டுகள் வாழ்வார்கள். மருத்துவ உலகம் இன்றும் இதை 'மெட்ராஸ்' என்ற பெயர் சேர்த்துத்தான் அழைக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெயர் ஒன்றுபோலத் தோன்றினாலும் வருங்காலம் ஒன்றல்ல. கை மெலிந்த ஓர் இளைஞனிடம், "இது தீராத நோய், கொஞ்ச காலம்தான்" என்று அரைகுறையாகத் தெரிந்த யாராவது சொல்லிவிட்டால் அந்தக் குடும்பமே இடிந்துவிடும். சரியாக இடத்தையும் வகையையும் கண்டுபிடித்தால் சொல்லும் செய்தியே மாறலாம்.

நரம்பு

நரம்புக் கோளாறில் பலவீனத்தோடு மரத்துப்போவதும் சேர்ந்து வருவது வழக்கம். செருப்பு கழன்று விழுகிறது என்பார்கள். நாங்கள், "கழன்றது தெரிந்ததா, திரும்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்ததா?" என்று கேட்போம். தெரிந்தும் பிடிக்க முடியவில்லை என்றால் பலவீனம். தெரியவே இல்லை என்றால் உணர்ச்சி போயிருக்கிறது. பல ஆண்டு சர்க்கரை உள்ளவர்களுக்கு இரண்டாவதுதான் முதலில் வரும்.

நம் பகுதியில் பீடி சுற்றும் தாய்மார்கள் மணிக்கணக்காகச் சம்மணமிட்டு உட்காருகிறார்கள். முட்டிக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் ஓர் எலும்பு முண்டு கையில் தட்டுப்படும். அதை ஒட்டி ஒரு நரம்பு போகிறது. காலை மடக்கி அழுத்தியபடியே இருந்தால் அது நசுங்கி, பாதம் தொங்கிப்போகும். நடக்கும்போது விரல் தரையில் தட்டும். "வாதம் வந்துட்டு" என்று பயப்படுவார்கள். அழுத்தத்தை நீக்கினால் பெரும்பாலும் சில வாரங்களில் அல்லது மாதங்களில் சரியாகும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி நடங்கள். பாதம் தொங்குவதற்குத் தொழுநோயும் காரணமாக இருக்கலாம். அதற்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். வெட்கப்பட்டு மறைப்பதால்தான் ஊனம் வருகிறது.

பயப்பட வேண்டிய நரம்பு நோய் ஒன்றுண்டு. வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து போன சில வாரங்களில் பாதத்தில் சுருசுருப்பு தொடங்கும். பிறகு கால் தளரும், அடுத்து கை, பிறகு முகம் என்று சில நாட்களில் மேலே ஏறும். 1916-ல் பிரான்சில் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். கில்லன் பாரே நோய் என்கிறோம். 2025 தொடக்கத்தில் புனேயில் பலருக்கு ஒரே சமயத்தில் வந்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். கெட்டுப்போன குடிநீரோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள். இதில் ஆபத்து மூச்சு. மூச்சுத் தசை தளர்வதற்கு முன்னால் மருத்துவமனையில் இருந்துவிட்டால் பெரும்பாலோர் எழுந்து நடப்பார்கள். ஒரே மூச்சில் எத்தனை எண் எண்ணுகிறார் என்று பாருங்கள். நேற்று முப்பது எண்ணியவர் இன்று பத்தில் நின்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

சந்தி

நரம்பு தசையைத் தொடும் சந்தியில் கோளாறு என்றால் அது நேரத்துக்கு நேரம் மாறும். காலையில் நன்றாக இருப்பார், மாலையில் இமை தொங்கும், பார்வை இரண்டாகத் தெரியும். ஃபஜ்ரில் கணீரென்று ஓதியவர் இஷாவில் மூக்கால் பேசுவார். சாப்பிடத் தொடங்கும்போது மெல்ல முடியும், பாதிச் சாப்பாட்டில் தாடை ஓய்ந்துவிடும். காலையில் போய் மருத்துவரைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. "உங்க மனசுலதான் கோளாறு" என்று திட்டு வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாலையில் இமை தொங்கும்போது கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அந்த ஒரு படம் பல சோதனைக்குச் சமம்.

இந்த நோய்க்கு மருந்து வந்த கதை சுவையானது. 1934-ல் லண்டனில் மேரி வாக்கர் என்ற பெண் மருத்துவர், இந்த நோய் அம்பில் தடவும் ஒரு விஷத்தின் விளைவைப்போல இருக்கிறதே என்று யோசித்து, அந்த விஷத்துக்கான மாற்றுமருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தொங்கிய இமை எழும்பியது. இன்று மாத்திரையாகக் கொடுப்பது அதே இனத்து மருந்துதான்.

விஷம் என்றதும் நம் மலையடிவாரத்துக்கு வர வேண்டும். கட்டுவிரியன் தாக்குவதும் இந்தச் சந்தியைத்தான். இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பெரிதாக வலி இருக்காது, பல் பட்ட தடமே தெரியாமலும் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்பார், பிறகு இமை தொங்கும், விழுங்க முடியாது, மூச்சு திணறும். தரையில் படுத்து எழுந்தவருக்குக் காரணமில்லாமல் இமை தொங்கினால் பாம்பை நினையுங்கள். மந்திரிக்கப் போகாமல் மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. கட்டிலில் படுப்பதும் கொசுவலையை ஓரம் செருகிக்கொள்வதும் நல்ல காப்பு.

தசை

தசையிலேயே நோய் என்றால் உணர்ச்சி கெடாது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். இடுப்பும் தோளும்தான் பெரும்பாலும் முதலில் தளரும். ருகூஉவிலிருந்து நிமிர்வதும், சுஜூதிலிருந்து கையூன்றாமல் எழுவதும், தக்பீருக்குக் கை உயர்த்துவதும் கடினமாகும். நாளைக்கு ஐந்து வேளை செய்வதால் தொழுகையில்தான் இது முதலில் தெரியவரும்.

மூன்று முதல் ஐந்து வயது ஆண்பிள்ளை அடிக்கடி விழுகிறான், கெண்டைக்கால் மட்டும் பருத்திருக்கிறது, தரையிலிருந்து எழும்போது தன் முட்டியிலும் தொடையிலும் கையை ஊன்றித் தன்மேலேயே ஏறுவதுபோல எழுகிறான் என்றால், "சோம்பேறி" என்று அடிக்காதீர்கள். டுஷேன் என்ற தசைச்சிதைவு நோயாக இருக்கலாம். சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனை முதல் தடயத்தைக் கொடுத்துவிடும். இதில் பலருக்குத் தாய்வழியாக மரபணு வந்திருக்கும். அதற்காகத் தாயைக் குற்றம் சொல்வது அநியாயம். அவர் அறிந்து கொடுத்ததல்ல. ஆனால் அடுத்த கர்ப்பத்துக்கு முன்னாலும், அந்தத் தாயின் சகோதரிகளும் மரபணு ஆலோசனை பெற வேண்டும்.

சொந்தத்தில் திருமணம் செய்வதைப் பற்றியும் கேட்பார்கள். மார்க்கம் அனுமதித்ததை நான் தடுக்க வரவில்லை. குடும்பத்தில் ஏற்கனவே இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அதே குடும்பத்துக்குள் சம்பந்தம் பேசுமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சில வகைத் தசை நரம்பு நோய்கள் அப்படிப்பட்ட திருமணங்களில் கூடுதலாக வருகின்றன.

தசை நோய் எல்லாம் தீராதது என்று நினைக்க வேண்டாம். தைராய்டால் வருவது மருந்தில் தீரும். வலீமா பிரியாணியை வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்த இளைஞர் காலையில் கை கால் அசைக்க முடியாமல் கிடப்பார். ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியிருக்கும். அதை ஏற்றினால் பெரும்பாலும் அன்றே எழுந்து நடப்பார். பெயர் தெரியாத பொடியையும் மாத்திரையையும் மாதக்கணக்கில் சாப்பிட்டு, அதில் கலந்திருந்த ஸ்டீராய்டால் தொடை தளர்ந்தவர்களும் உண்டு. சாப்பிடுவது எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

இடத்தைக் கண்டுபிடிப்பது மருத்துவர் வேலை. ஆனால் அதற்கான தடயம் உங்கள் வீட்டில் இருக்கிறது. போகுமுன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். எப்போது தொடங்கியது, நிமிடங்களிலா, நாட்களிலா, மாதங்களிலா? எந்த வேலை முதலில் முடியாமல் போனது? ஒரு பக்கமா, இரு பக்கமா? மரத்துப்போகிறதா? காலை மாலை வித்தியாசம் உண்டா? பேச்சு, விழுங்குவது, மூச்சு, சிறுநீர் இவற்றில் மாற்றம் உண்டா? முக்கியமாக, நோயாளி சொல்லாத மாற்றம் எதையாவது வீட்டுப் பெண்கள் கவனித்தார்களா? என் உம்மாவை அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் பொத்தான் கதையை முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

திருநெல்வேலி, மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நரம்பியல் துறை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். தசைச்சிதைவு உள்ளவர்கள் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் மாதாந்திர உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் எழுத நம் அறக்கட்டளைப் பிள்ளைகள் உதவுவார்கள் என்று நிர்வாகிகள் சொல்லியிருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

கடைசியாக வாப்பாவைப் பற்றி. கழுத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கை ஓரளவு திரும்பியது. பொத்தானைத் தாமே போட்டார். கால் அதற்கு மேல் கெடவில்லை, ஆனால் பழைய நடை வரவில்லை. பள்ளியில் கடைசி வரிசையில் நாற்காலி போட்டுத் தொழுதுதான் தம் காலத்தைக் கழித்தார். ஒருநாள்கூட எங்களைக் குறை சொன்னதில்லை. எட்டு மாதம் முன்னால் கண்டுபிடித்திருந்தால் என்ற எண்ணம் மட்டும் எனக்கு இன்றும் போகவில்லை. நான் நரம்பியல் படித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் வீட்டில் யாராவது, "காலு கனமா இருக்கு" என்று சொன்னால், "வயசாயிட்டுல்லா" என்று சொல்லுமுன் கையையும் ஒருமுறை பாருங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தந்து, நோயுற்றவர்களுக்கு ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும்.